வேலூர்ச் சலகண்டேசர் திருக்கோயிலும் பழம்பொருட் காவலும்

தொண்டை நாட்டிலே பாலாற்றின் அருகமைந்த வேலூர்க் கோட்டையினகத்தே விளங்கும் சலகண்டேசர் திருக்கோயில், கோபுரமும் மதிலும் மண்டபமும் குறைவற நின்றும், கருவறையில் மூர்த்தியின்றிப் பன்னெடுங்காலம் வறிதே கிடந்தது. படைவீரர் தங்கிய காலத்து அது படைக்கலக் கொட்டிலாகவும் பயன்பட்டது. பின்னர்த் தொல்பொருட்டுறையினர் காவலில் வந்து, வருவார் கண்டு வியந்து செல்லும் சிற்பக்காட்சி மாத்திரையாய் நின்றது. 1981 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 16 ஆம் நாள், ரௌத்திரி ஆண்டுப் பங்குனித் தொடக்கத்துச் சோமவாரத்தன்று, சத்துவாச்சாரியில் சலகண்ட விநாயகர் கோயிலில் வைத்துப் போற்றப்பட்டிருந்த சிவலிங்கப்பெருமானை அன்பர்கள் கோட்டைக்குள் எழுந்தருளுவித்துப் பண்டைக் கருவறையிலேயே நிலைபெறச் செய்தனர். அன்று ஏற்றிய விளக்கு இன்றுகாறும் எரிகின்றது.

இந்நிகழ்ச்சி அக்காலத்து வழக்குரைக்கு இடமாயிற்று. பழஞ்சின்னங்களைக் காக்கும் மத்திய சட்டம் 1958 இல் இயற்றப்பெற்றது. காவலுக்கு எடுத்துக்கொண்ட காலத்தில் வழிபாடு நிகழாத இடத்திலே புதிதாக வழிபாடு தொடங்கலாகாது என்பது தொல்பொருட்டுறையினர் கைக்கொண்டுவரும் நெறி. புகை படிதலும், எண்ணெய் படிதலும், கூட்டம் நெருங்குதலும் சிற்பங்களுக்குக் கேடாம் என்பது அவர் கூறும் காரணம். அன்பர் கூற்று வேறு. கோயில் என்பது மூர்த்தி எழுந்தருளியிருத்தற்காகவே எடுக்கப்பட்டது. மூர்த்தியை ஒழித்துக் கல்லை மட்டும் காத்தல் உயிரை நீக்கி உடம்பைப் பேணுதல் போலும் என்பர் அவர். இவ்விரு கூற்றுள் ஒன்றே மெய், மற்றொன்று பொய் எனத் துணிதல் எளிதன்று. அதனைப் பின்னர்க் காண்போம்.

முதற்கண் வரலாற்றை நோக்குக. கோயிலில் வழிபாடு நின்று நானூறு ஆண்டு கழிந்தது எனப் பலரும் கூறுவர். கோயிலைப்பற்றி அச்சிட்டு வழங்கும் சிறு நூல்களிலும் அவ்வாறே காணப்படும். இது பொருந்தாது. சகம் 1488, அஃதாவது கி.பி. 1566 இல், விசயநகரத்துச் சதாசிவராயர் ஆட்சிக்காலத்தே வேலூர்ச் சின்ன பொம்ம நாயக்கர் வேண்டுகோளின்படி இத்திருக்கோயிலுக்கு ஊர்கள் அளிக்கப்பட்டமையைக் கல்வெட்டுக்கள் தெரிவிக்கின்றன. கோட்டை பீசப்பூர்ச் சுல்தானியர் கைப்பட்டது பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில். மராட்டியர் கைப்பட்டது அதற்கும் பின்னர். ஆதலின் வழிபாடு நின்ற காலம் முந்நூறு ஆண்டிற்குச் சிறிது மேற்பட்டது எனக் கொள்ளலே அமைவுடைத்து. ஒரு நூற்றாண்டு கூட்டிச் சொல்லுவதனால் இறைவனுக்கு ஏற்றமும் இல்லை. மெய்யைச் சொல்லுவதனால் குறைவும் இல்லை.

அக்கல்வெட்டுக்களில் இறைவனுக்கு வழங்கும் திருப்பெயர் பெரிதும் கருதற்குரியது. இன்று வழங்குவது சலகண்டேசர் என்பது. நீரின் நடுவே புற்றிடத்து இலிங்கம் இருந்தது, அதனாற் பெயர் வந்தது என்பது தலவரலாறு. கோட்டையைச் சூழ்ந்த அகழியும் அக்கதைக்கு வலியூட்டுகின்றது. ஆயின் கல்வெட்டுத் தருவது ஜ்வரகண்டேசுவரர் என்னும் பெயர். ஜ்வரம் தமிழிற் சுரம் ஆம். சுரநோயைத் துணித்தருளும் பெருமான் என்பது பொருள். காஞ்சியிற் சுரகரேசுவரர் கோயிலும், பல சிவாலயங்களில் மூன்று தலையும் மூன்று காலுமாக அமைந்த சுரதேவர் திருவுருவமும் இருத்தலை நோக்குவார்க்கு இப்பெயர் புதிதன்று. சுரகண்டேசர் என்பதே நாளடைவிற் சலகண்டேசர் எனத் திரிந்தது போலும். புராணத்தைத் தள்ளவேண்டும் என்பது இதன் கருத்தன்று. கல்லிலுள்ளதனைக் கோயிலுக்குச் செல்வோர் அறிதல் வேண்டும் என்பதே.

சின்ன பொம்ம நாயக்கர் கோட்டைக்கு உடையவராய் இருந்ததனோடு அமைந்தவரல்லர். அடையபலம் என்னும் ஊரிற் பிறந்த அப்பைய தீட்சிதர் அவரது அவையை அணிசெய்தார். தீட்சிதர் காலம் 1520 முதல் 1593 வரை என்ப. ஸ்ரீகண்டர் பிரமசூத்திரத்திற்குச் செய்த பாடியத்திற்குச் சிவார்க்கமணி தீபிகை என்னும் விரிவுரை இயற்றியவர் அவரே. அதனை மெச்சிச் சின்ன பொம்மர் அவருக்குப் பொன்னால் முழுக்காட்டினார். இச்செய்தி செவிவழிக் கதையன்று. ஆரணிக்கு அணித்தாகிய அடையபலத்துக் காலகண்டேசுவரர் கோயிலில் சகம் 1504, அஃதாவது கி.பி. 1582 இல், பொறித்த கல்வெட்டு அதனைக் கூறுகின்றது. அக்கோயில் தீட்சிதர் எடுத்தது. ஐந்நூறு மாணவர்க்கு அவர் தீபிகையைப் பாடஞ்சொல்லியதும் அக்கல்வெட்டாற் பெறப்படும். சிவாத்துவிதத்திற்கும் சித்தாந்த சைவத்திற்கும் உள்ள வேற்றுமையை நுணுகி ஆராய்தற்கு இஃது இடமன்று. கொள்கையில் மாறுபட்டாரும், ஐந்நூறு பேர் ஒரு கோயிலிலிருந்து ஒரு சைவ நூலைப் பயின்ற காலம் ஒன்று இந்நாட்டில் இருந்தது என்பதனை எண்ணி மகிழ்வர்.

இனி, இக்காலத்து விழாக்களைக் கருதுக. ஏப்பிரல் 18 ஆம் நாளை உலகப் பாரம்பரிய நாள் எனவும், நவம்பர் 19 முதல் 25 வரையுள்ள கிழமையை உலகப் பாரம்பரிய வாரம் எனவும் கொண்டாடுதல் வழக்காகியுள்ளது. ஏப்பிரல் நாள் 1982 இற் கருதப்பட்டு, 1983 இல் ஐக்கிய நாட்டுக் கல்வி அறிவியற் பண்பாட்டுக் கழகத்தாரால் ஏற்கப்பட்டது. காவலிலுள்ள பழஞ்சின்னங்களைப் பற்றி இந்நாட்களிற் கண்காட்சியும் சொற்பொழிவும் நிகழ்த்துதல், பள்ளி மாணவரை அழைத்துச் சென்று காட்டுதல் முதலியன நாடெங்கும் நடைபெறுகின்றன. இவை நல்லன. வேலூர்க் கோட்டையோ இத்தகைய விழாவிற்கென்றே அமைந்தாற்போல்வது: கோயிலும் பள்ளிவாசலும் மாதா கோயிலும் ஒரு மதிலினுள்ளே நிற்கின்றன, அரசினர் அருங்காட்சியகமும் அங்கே உளது.

ஆயின் அங்குச் செல்லும் மாணவர் நெஞ்சிற் பதிவது யாது எனின், 1806 சூலை 10 ஆம் நாள் சிப்பாய்கள் எழுந்த கிளர்ச்சியே. அது நினைக்கத்தக்கதே. அதன் இருநூறாம் ஆண்டாகிய 2006 இல் அஞ்சல் தலையும் வெளியிடப்பட்டது. திப்புவின் மக்கள் சிறையிருந்ததும், கண்டி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராசசிங்கர் 1832 இல் உயிர்நீத்தவரை இங்கே காவலில் வைக்கப்பட்டதும் ஓரளவு பேசப்படுகின்றன. சின்ன பொம்மர் செய்த பொன்முழுக்கைப் பேசுவாரைக் காண்டல் அரிது. போர் நடந்த இடம் என்றே கோட்டை அறியப்படுகின்றது. கலை வளர்ந்த இடம் என்று அறியப்படவில்லை. கலியாண மண்டபத்துக் குதிரை வீரரையும் யாளிகளையும், விதானத்துக் கிளி வரிசையையும் காட்டி, இம்மண்டபத்தைப் பெயர்த்துக் கப்பலேற்ற வெள்ளையர் கருதினர், கப்பல் கவிழ்ந்தமையால் விடுத்தனர் என்னும் கர்ணபரம்பரைக் கதையைச் சொல்லி அமைவதே பெரும்பான்மை. கதை சுவையுடையது, அவ்வளவே.

வேலூருக்கு மேற்கே பதினான்கு கிலோமீட்டர் அளவிலுள்ள விரிஞ்சிபுரத்தில் வழித்துணைநாதர் எழுந்தருளியுள்ளார். மார்க்கசகாயர் எனவும் மார்க்கபந்து எனவும் வடமொழியிற் பெயர் பெறுவர். அங்கே சகம் 1347, அஃதாவது கி.பி. 1425 இல், இரண்டாம் தேவராயர் காலத்துக் கல்வெட்டு ஒன்றுளது. படைவீட்டு இராச்சியத்து அந்தணருள் கன்னடர், தமிழர், தெலுங்கர், இலாடர் ஆகிய பல திறத்தாரும் ஒன்றுகூடி, தம் குலத்துப் பெண்களைக் கன்னிகாதானமாகவே கொடுத்தல் வேண்டும், பொன் வாங்கிக்கொண்டு பெண் கொடுப்பவனும் பொன் கொடுத்துப் பெண் கொள்பவனும் அரச தண்டனைக்கும் சாதி விலக்கிற்கும் உரியர் என உடன்படிக்கை எழுதிக்கொண்டனர். இந்நாளில் வரதட்சிணைக் கேட்டினைக் கண்டிப்பார், ஏறத்தாழ அறுநூறு ஆண்டின் முன்னே அதன் மறுதலையாகிய கேட்டினை இவ்வூரிலேயே ஊர் கூடிக் கண்டித்தமையை அறிவரேல் வியப்புறுவர். அவ்வுடன்பாட்டினை அவர் ஓலையில் எழுதி வாளா வைத்திலர். வருவார் போவார் அனைவரும் காணுமாறு கோயிற் கல்லிலே பொறித்தனர். ஜெர்மானிய அறிஞர் ஹுல்ட்ஸ் 1890 இல் வெளியிட்ட தென்னிந்தியக் கல்வெட்டுக்கள் முதற்றொகுதியில் இஃது அச்சாயிற்று. வேலூர்க் கல்வெட்டுக்களையும் அத்தொகுதியிலேயே காணலாம்.

இன்னும் மேற்கே சென்றால் ஆம்பூர். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு முதலிய ஊர்கள் இன்று தோல் பதனிடும் தொழிலாலும் காலணித் தொழிலாலும் கடல் கடந்த நாடுகளிலும் பெயர் பெற்றவை. பல்லாயிரங் குடும்பங்கட்கு உணவளிப்பது அத்தொழில். அதன் கழிவு நீராற் பாலாறும் நிலத்தடி நீரும் கெட்டமை பற்றி உச்சநீதிமன்றம் 1996 இல் தீர்ப்பளித்ததும் யாவரும் அறிவர். 1749 இல் ஆர்க்காட்டு நவாபு அன்வருத்தீன் போரில் வீழ்ந்ததும் ஆம்பூரிலே. இவற்றிற்கெல்லாம் முந்தியது ஒன்றுளது. ஒன்பதாம் நூற்றாண்டிலே பல்லவர் நிருபதுங்கவர்மரது 26 ஆம் ஆட்சியாண்டில் நுளம்பன் படை வந்து ஆநிரை கவர்ந்தது. நிரையை மீட்கப் பொருது பட்ட வீரருக்கு ஊரார் கல் நட்டனர். அக்கற்களில் ஊரின் பெயர் ஆமையூர். வெட்சியும் கரந்தையும் புறப்பொருளிலக்கணத்துத் துறைகள் மாத்திரமே எனக் கருதிப் பாடஞ்சொல்லுவார், அவை ஆம்பூர் வயற்புறத்தே மெய்யாக நிகழ்ந்தன என்பதற்குச் சான்றாக இக்கற்களைக் காட்டலாம்.

நடுகற்களின் செய்தி, முன்னர் நிறுத்திய வழக்கிற்கும் உதவுகின்றது. செங்கப் பகுதியிலும் திருப்பத்தூர், தருமபுரிப் பக்கங்களிலும் நூற்றுக்கணக்கான நடுகற்கள் இந்நாள்வரை நின்றமைக்குக் காரணம் யாது? எந்தச் சட்டமும் அன்று. ஊரார் அவற்றை வேடியப்பன் எனக் கொண்டு பொங்கலிட்டு வழிபட்டமையே காரணம். வழிபடாத கற்கள் துணி துவைக்கவும், வாய்க்காலுக்குப் பாலமிடவும் போயின. தமிழ்நாட்டுத் தொல்பொருள் ஆய்வுத்துறை 1961 இற் தோன்றிய பின்னர், இரா. நாகசாமி அவர்கள் அதன் தலைமையேற்ற காலத்தே செங்கம் நடுகற்கள் 1972 இல் நூலாயின. சிம்மவிட்டுணு, மகேந்திரவர்மர் முதலிய பல்லவர் காலத்து வட்டெழுத்துச் செய்திகள் வெளிப்பட்டன. வேடியப்பன் வழிபாடு இல்லையேல் நாகசாமியார் படிப்பதற்குக் கல் இராது. துறையினர் படித்திலரேல் வேடியப்பன் இன்னார் என ஊராரும் அறியார்.

ஆகவே வழிபாடு பழம்பொருளுக்குப் பகை என்பது பொருந்தாது. அற்றேல் அன்பர் மாட்டுக் குற்றமே இல்லையோ எனின், உண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. திருப்பணி என்னும் பெயரால் கல்வெட்டின்மேற் சுண்ணமும் வண்ணமும் பூசியவர் சைவரே. எழுத்துள்ள கல்லைப் புரட்டிப் படியாக இட்டவரும் சைவரே. மணலை விசையுடன் வீசிக் கற்சுவரைத் தூய்மை செய்தபோது, ஆயிரம் ஆண்டு வெயிலும் மழையும் அழிக்கமாட்டாத எழுத்துக்கள் ஒரே நாளில் மழுங்கின; அரசே தலையிட்டு அம்முறையைத் தடுக்க நேர்ந்தது. முன்னோர் சிவனுக்கு எழுதிக்கொடுத்த நிலத்தின் எல்லையை அழிப்பது சிவத்திரவியத்தை அழிப்பதோடொக்கும் என்பதனைத் திருப்பணி செய்வோர் பலர் எண்ணுவதில்லை. வேலூரில் 1981 இன் பின்னர் வழிபாடும் நிகழ்கின்றது. மண்டபத்துச் சிற்பமும் நிற்கின்றது. விளக்கேற்றிய அன்பரும் மதிலைக் காக்கும் துறையினரும் ஒருவரை ஒருவர் ஐயுறாது இருப்பரேல் இஃது ஏனைய ஊர்களிலும் கூடும்.

விழாவிற்குரிய நாளைப் பற்றியும் ஒன்று கூறற்பாலது. நவம்பர்க் கிழமைச் சொற்பொழிவிற்கு வருவார் பெரும்பாலும் ஆசிரியர் அழைத்து வந்த மாணவரே. விரிஞ்சிபுரத்திற்கோ கார்த்திகைக் கடைஞாயிறன்று அழைப்பாரின்றியே மக்கள் பல்லாயிரவர் திரள்கின்றனர். மகப்பேறு வேண்டும் மகளிர் சிம்ம தீர்த்தத்தில் மூழ்குகின்றனர். பாரம்பரிய வாரத்தின் பின்னர் வருவது அத்திருநாள். கன்னிகாதான உடன்படிக்கையைப் பெரிய எழுத்தில் எழுதி அற்றை நாள் கோயில் வாயிலில் நிறுத்தி, படிக்கத் தெரியாதார்க்கு ஒருவர் நின்று படித்துப் பொருள் சொல்லுதற்கு ஆகும் செலவு ஒரு பந்தற்காலின் விலையளவே. ஓதுவார் திருமுறை விண்ணப்பித்து முடித்தபின் அரை நாழிகை அதற்கு ஒதுக்குதல் கோயிலதிகாரிகட்கு அரிதன்று. வேலூரிலும் சிவராத்திரியன்று நான்கு சாமமும் கண்விழித்திருக்கும் அன்பர்க்கு, முதற்சாமத்தின் இடையே, 1566 ஆம் ஆண்டுச் சாசனத்தையும் சுரகண்டேசர் என்னும் திருப்பெயரையும் அடையபலத்துக் கல்வெட்டையும் எடுத்துரைக்கலாம்.