ஆதிக்கம் எறும்பினதா, நிலத்தினதா?

ஒரே நிலத்தில் வாழும் பல எறும்பினங்களுள் எது மேல், எது கீழ் என்று வரிசைப்படுத்துவது எறும்பியலில் நெடுநாள் வழக்கம். 1982இல் வெப்சலைனனும் பிசார்ஸ்கியும் மூன்று படிகளை வகுத்தனர். புற்றை மட்டும் காப்பவை அடிப்படி. கைப்பற்றிய இரையையும் காப்பவை நடுப்படி. இரை தேடும் பரப்பு முழுவதையும் காப்பவை மேற்படி. மாந்தோப்பில் மரங்களைத் தன் எல்லையாக்கிக் காவல் நிற்கும் முசுறு மேற்படிக்குச் சான்று. இவ்வரிசையை இனத்தின் மாறா இயல்பாகக் கொள்ளலாகாது என்பதே இக்கட்டுரையின் வாதம். கோலார் தங்கவயலின் பாலகாட் பகுதி போல, சுரங்கம் புரட்டிப்போட்ட நிலத்துக்கு இது மிகவும் பொருந்தும்.

வரிசையைப் பெரும்பாலும் இரை வைத்தே கணிக்கிறார்கள். தரையில் சிறிது உணவை வைத்தால், குறுக்கும் நெடுக்குமாக ஓடும் பிள்ளையார் எறும்பு விரைவில் கண்டுகொள்கிறது. பின்னர், அமெரிக்காவிலிருந்து வந்து இங்கே பரவிய நெருப்பெறும்பு சாரை சாரையாக வந்து கொடுக்கால் அதை விரட்டுகிறது. அட்டவணையில் நெருப்பெறும்புக்கு ஒரு வெற்றி ஏறுகிறது. அது எந்த நேரத்து வெற்றி என்பது ஏறுவதில்லை. ஸ்பெயினில் செர்தா குழுவினர் 1997இல் வெளியிட்ட ஆய்வு இக்குறையைக் காட்டியது. ஆதிக்க இனங்கள் வெயில் ஏறியதும் ஒதுங்கின. அடங்கிய இனங்களோ உயிருக்கே ஆபத்தான வெப்பத்தை ஒட்டி இரை தேடின. ஆகவே, தங்கம் பிரித்த பின் பாலகாட்டில் கொட்டிய கழிவு மண்ணாலான நிழலற்ற சயனைடு மேட்டில் விடியற்காலை கணித்த வரிசை நண்பகலுக்குச் செல்லும் என்று கொள்ள இயலாது.

உணவும் வரிசையை மாற்றும். 2022இல் திண்டுக்கல் மாவட்டம் கரந்தமலை அடிவாரத்தில் ஆடுமாடுகளைத் தாக்கியதாகச் செய்தியான மஞ்சள் பைத்தியக்கார எறும்பு இதற்குச் சான்று. இதே இனம் கிறிஸ்துமஸ் தீவில் செந்நண்டுகளைக் கோடிக்கணக்கில் கொன்றது. அங்கே அதன் பெருக்கத்துக்குத் தீனி போட்டது செதிற்பூச்சிகளின் இனிப்புக் கழிவு. அதனால்தான் 2016இல், அந்த உணவைக் குறைத்து எறும்பைக் கட்டுப்படுத்த, செதிற்பூச்சியை அழிக்கும் மலேசியக் குளவியைத் தீவில் விட்டார்கள்.

நெருப்பெறும்பு நாட்டு இனங்களைத் துரத்துவது கண்கூடு அல்லவா என்று கேட்கலாம். கிங்கும் ஷிங்கலும் ஃபுளோரிடாவில் நடத்தி 2008இல் வெளியிட்ட சோதனையில், அதன் உறவினமான சிவப்பு நெருப்பெறும்பு இல்லாத இடத்திலும் உழவு மட்டுமே நாட்டு எறும்புகளைக் குறைத்தது. குலையாத காட்டில் கொண்டுவிட்ட சிவப்பு நெருப்பெறும்போ பெரிய பாதிப்பை ஏற்படுத்தவில்லை. நிலம் குலைந்த பின்பே அதற்கு இடம் கிடைக்கிறது.

தங்கவயல் சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டன. மேற்கு ஆஸ்திரேலியாவின் பாக்சைட் சுரங்க நிலங்களில் ஆய்வாளர் மேஜர் செய்ததுபோல், பாலகாட்டிலும் மீட்சியை எறும்பால் அளக்கலாம். ஆனால் இனங்களின் எண்ணிக்கை மட்டும் போதாது. விடியல், நண்பகல், இரவு என மூன்று வேளையும், இனிப்பும் புரதமும் தனித்தனியே வைத்து, மண்ணின் வெப்பத்தோடு சேர்த்துப் பதிய வேண்டும். மேட்டில் மரம் நட்டால் நிழலும் செதிற்பூச்சியும் சேர்ந்தே வரும். அங்கே எந்த இனம் மேலே ஏறும் என்பதை மரத்தேர்வே பெரிதும் தீர்மானிக்கும்.