பட்டறைத் தூசித் தொட்டியின் வரலாறு

மரத்தையும் உலோகத்தையும் தானியத்தையும் இயந்திரங்கள் அறுக்கவும் அரைக்கவும் தொடங்கிய காலம் முதல், வேலையில் எழும் தூசியை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்ற கேள்வி தொழிற்கூடங்களை விட்டு நீங்கியதில்லை. இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமசீனி, தொழிலாளர் நோய்களைப் பற்றி 1700-இல் மோடனா நகரில் வெளியிட்ட நூலில், மாவரைப்போரும் தானியம் சலிப்போரும் கல்தச்சரும் தாம் சுவாசிக்கும் தூசியாலேயே நோயுறுவதை எடுத்துரைத்தார். ஆயினும் அதன்பின் நெடுங்காலம், தூசியை வேலையாளின் முகத்தருகிலிருந்து விலக்குவதே முயற்சிகளின் எல்லையாக இருந்தது; விலக்கிய தூசி சென்றடையும் இடத்தைப் பற்றிய சிந்தனை பிந்தியே வந்தது.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில், முள்கரண்டி முதலியவற்றை நீர் விடாமல் சாணைக்கல்லில் தீட்டியோர் நுரையீரல் நோயால் இளமையிலேயே மாண்டதை 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதி மருத்துவர்கள் பதிவு செய்தனர். அங்குப் பொருத்தப்பட்ட விசிறிகள் தூசியைக் குழாய் வழியே இழுத்து வெளியேற்றின. அமெரிக்காவில் பெஞ்சமின் ஸ்டர்டெவன்ட் என்பவர், காலணிகளை மெருகிடும் சக்கரங்களிலிருந்து எழுந்த தூசியை அகற்றுவதற்காக 1860-களில் உருவாக்கிய உறிஞ்சு விசிறி, பின்னர் வேறு பல தொழிற்கூடங்களுக்கும் பரவியது. மாவு ஆலைகளோ, தூசி கலந்த காற்றைத் தூசியறை எனப்பட்ட ஒரு பெரிய மூடிய அறைக்குள் செலுத்தி, அது தானாகப் படியட்டும் என்று விட்டுவிட்டன.

அந்த வழக்கத்தில் அடங்கியிருந்த ஆபத்து 1878 மே 2 அன்று மினியாபொலிஸ் நகரில் வெளிப்பட்டது. அன்று வாஷ்பர்ன் 'ஏ' மாவு ஆலை வெடித்து 18 பேர் இறந்தனர். காற்றில் அடர்ந்து மிதக்கும் மாவுத்தூசி ஒரு பொறி பட்டாலே வெடிமருந்தின் வேகத்தோடு எரியக்கூடியது என்பதை, அதன்பின் நடந்த விசாரணையும் சோதனைகளும் ஐயமற நிறுவின. தூசியைக் காற்றிலிருந்து உடனுக்குடன் பிரித்து ஒடுங்கிய கலத்தில் அடக்கும் கருவிக்கான தேடலும் இக்காலத்தில் விரைவுபெற்றது.

மிச்சிகன் மாநிலத்தின் ஜாக்சன் நகரில் இயங்கிய நிக்கர்பாக்கர் நிறுவனத்தைச் சேர்ந்த ஜான் ஃபிஞ்ச் 1885-இல் காப்புரிமை பெற்ற கருவியே, இன்று சைக்ளோன் என வழங்கும் சுழற்காற்றுப் பிரிப்பானின் முன்னோடி. தலைகீழாக நிறுத்திய கூம்பு ஒன்றின் மேற்பக்கத்தில், தூசி கலந்த காற்று சுவரை ஒட்டி உட்புகுந்து சுழல்கிறது. எடைமிக்க துகள்கள் சுவரோரம் ஒதுங்கி, சறுக்கியபடியே கீழ்முனையை அடைய, தூய்மையடைந்த காற்று நடுவே மேலெழுந்து குழாய் வழியே வெளியேறுகிறது. தமிழ்நாட்டு நெல் அரவை ஆலைகளின் கூரையில் காணப்படும் தகரக் கூம்புகளும் இதே தத்துவத்தில் இயங்குபவையே. மர இழைப்பு ஆலைகளில் இக்கூம்பு கொதிகலன் கூடத்தை ஒட்டி அமைந்ததால், அதிலிருந்து விழுந்த சீவலும் மரத்தூளும் நேரே எரிபொருளாயின.

கொதிகலன் இல்லாத சிறு பட்டறைகளுக்கோ, கூம்பிலிருந்து விழும் தூளை ஏந்த அதன் அடியில் ஒரு தனித்தொட்டி தேவைப்பட்டது. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் இயங்கிய அயர்ன் கிளாட் நிறுவனத்தின் ஹென்றி வேர்ஹான் 1905-இல் காப்புரிமை பெற்ற எஃகுப் பீப்பாய், எண்ணெய்க்காக உருவானது. பிற்காலத்தில் ஏறத்தாழ 208 லிட்டர் கொள்ளளவில் நிலைபெற்று உலகெங்கும் மலிவாகக் கிடைத்த அந்த வகைப் பீப்பாயே பட்டறைக்காரர்களின் தூசித் தொட்டியாகவும் ஆயிற்று. அதன் தகுதிக்கு மலிவு மட்டும் காரணமன்று. விசிறி சைக்ளோனுக்குப் பின்னால் அமைந்து காற்றை இழுக்கும்போது, தொட்டியின் உட்புறமும் உறிஞ்சலுக்கு உள்ளாகிறது. அந்த உறிஞ்சல் 250 மில்லிமீட்டர் உயர நீர்த்தம்பத்தின் அழுத்தத்தை எட்டினால், 58 சென்டிமீட்டர் விட்டமுள்ள மூடி ஒன்றின்மீது ஏறத்தாழ 65 கிலோ எடைக்குச் சமமான விசை வெளியிலிருந்து அழுத்தும். தட்டையான பலகைச் சுவர்களும் மெல்லிய நெகிழிக் குப்பைத் தொட்டிகளும் இவ்விசையில் உட்குழிந்துவிட, வட்டமான எஃகுப் பீப்பாய் அதைத் தாங்கி நிற்கிறது.

தொட்டியில் காற்றுக்கசிவு இருத்தலும் ஆகாது. கூம்பின் நடுச்சுழலில் அழுத்தம் மிகக் குறைவாதலால், மூடியின் இடுக்கு வழியே நுழையும் சிறிதளவு காற்றும் மேல்நோக்கி விரைந்து, படிந்துவிட்ட நுண்தூளை மீண்டும் கிளப்பி விசிறிக்கே கொண்டுசெல்லும். தொட்டி நிரம்பித் தூள் கூம்புக்குள் ஏறினாலும் பிரித்தல் நின்றுபோகும். மூடியின் விளிம்பில் ரப்பர்ப் பட்டையும், தூளின் மட்டத்தைக் காண்பதற்குப் பக்கச்சுவரில் கண்ணாடிச் சாளரமும் வைக்கும் வழக்கம் இதனால் தோன்றியது.

தப்பிச்செல்லும் அந்த நுண்தூளின் கொடுமை இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் தெளிவாயிற்று. இங்கிலாந்தின் நாற்காலித் தொழில் மையமான ஹை விகம்ப் வட்டாரத்தில், மரச்சாமான் தொழிலாளரிடையே அரிதான ஒருவகை மூக்குப் புற்றுநோய் மிகுதியாகத் தோன்றுவதைக் கண்ட மருத்துவர்கள், தம் ஆய்வை 1968-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டனர். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இல், மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது உறுதி என வகைப்படுத்தியது.

இவ்வரலாற்றில் விசிறியும் கூம்பும் பெற்ற கவனத்தைத் தொட்டி பெறவில்லை. நிரம்பிய தொட்டியைத் திறந்து கொட்டும் தொழிலாளி, இயந்திரம் பிடித்துவைத்த தூசியை ஒரே மூச்சில் எதிர்கொள்கிறார் என்பதால், உள்ளே பையிட்டு மூடியபடியே அகற்றும் முறையை வசதிக்கான சேர்க்கையாகக் கருதாமல், பாதுகாப்பின் இன்றியமையாத உறுப்பாகக் கொள்ளவேண்டும். தூசியை எவ்வளவு வேகமாக இழுக்கிறது என்பதை மட்டும் வைத்து ஒரு பட்டறையின் தூசி நீக்க அமைப்பை மதிப்பிடுவது போதாது. இழுத்த தூசி மறுபடி எவருடைய நுரையீரலுக்கும் போகாமல் காப்பதே அதன் உண்மையான அளவுகோல்.