உப்புத்தாளும் ஈயத் தூசியும்

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் வண்டிப் பட்டறைகளின் முகப்பில் ‘டிங்கரிங் - பெயிண்டிங்’ என்று எழுதியிருக்கும் பலகைகளைப் பார்க்காதவர் இருக்க முடியாது. உள்ளே புழங்கும் சொற்களும் நமக்குப் பழக்கமானவைதாம்: பட்டி பார்ப்பது, உப்புத்தாள் போடுவது, தின்னர் கலப்பது. உப்புத்தாளில் உப்பு கிடையாது. தாளின்மேல் ஒட்டியிருக்கும் பொடி, உப்பைத் தூவியதுபோல் மினுங்குவதால் நம்மவர்கள் வைத்த பெயராக இருக்கவேண்டும் என்று தோன்றுகிறது. பட்டறைக்காரர் செய்துவந்த இந்த வேலையை, உரசல்பட்ட ஒரு மட்கார்டைக் கழற்றி முற்றத்தில் போட்டுக்கொண்டு தாமே செய்துபார்க்கும் ஆர்வலர்கள் இன்று பெருகியிருக்கிறார்கள். நூறாண்டுகளுக்குச் சற்று முன்புவரை இது நடவாத காரியம்.

மோட்டார் வண்டிக்கு வண்ணம் பூசும் கலை குதிரை வண்டியிலிருந்து வந்தது. சென்னை மவுண்ட் ரோட்டின் சிம்ப்சன் நிறுவனம் 1840-இல் குதிரைக் கோச்சுகள் கட்டும் தொழிலில்தான் தொடங்கியது. பின்னர் 1903-இல் அங்கேயே நீராவிக் கார் ஒன்று உருவானது. அக்காலத்து வண்ணம் ஆளிவிதை எண்ணெயில் குழைத்தது. ஒரு பூச்சு உலர ஒரு நாளுக்கு மேலாகும். உலர்ந்ததை நுரைக்கல்லும் நீரும் கொண்டு தேய்த்து, அடுத்த பூச்சு. இப்படிப் பத்துக்கும் மேற்பட்ட பூச்சுகள், அவற்றின்மேல் வார்னிஷ். ஒரு வண்டி பட்டறையை விட்டு வெளியேற வாரக்கணக்காகும். அடிப்பூச்சில் இருந்தது வெள்ளை ஈயம். ஹென்றி ஃபோர்டின் மாடல்-டி வண்டி 1914 முதல் 1925 வரை கறுப்பில் மட்டுமே வந்ததை அவருடைய பிடிவாதத்தின் சான்றாகச் சொல்வார்கள். நிலக்கீல் கலந்த கறுப்பு விலை மலிவு, நீடித்தும் உழைக்கும் என்ற கணக்கு அதற்குள் இருந்ததை ஏனோ யாரும் சொல்வதில்லை.

நிலைமை மாறியது 1921 முதல் 1925 வரையிலான ஐந்தே ஆண்டுகளில். வெடிமருந்து செய்துவந்த டூபாண்ட் நிறுவனம் 1923-இல் டூக்கோ என்னும் நைட்ரோசெல்லுலோஸ் வண்ணத்தைக் கொண்டுவந்தது. வெடிபஞ்சின் நெருங்கிய உறவு அது. எண்ணெய்போல் காற்றோடு வினைபுரிந்து இறுகக் காத்திராமல், தின்னர் ஆவியானதும் உலர்ந்துவிடும். வாரங்கள் மணிகளாகச் சுருங்கின. 1924-ஆம் ஆண்டு மாடல் ஓக்லாண்டு கார்கள் நீல நிறத்தில் அதைப் பூசிக்கொண்டு வந்தன. அந்தக் கம்பெனிப் பெயர் நம் பக்கத்துப் பட்டறைகளில் பொதுப்பெயராகி, யார் தயாரித்தாலும் ‘டூக்கோ’ என்றே ஆகிவிட்டது. 1925-இல் ரிச்சர்ட் ட்ரூ என்ற இளைஞர் மறைப்பு நாடாவைச் செய்தார். இரட்டை வண்ணக் கார்கள் அப்போது புதுமோஸ்தர். எல்லைக்கோட்டுக்காக ஒட்டிய காகிதத்தை உரிக்கும்போது வண்ணமும் உரிந்து வர, பெயிண்டர்கள் வாய்க்கு வந்தபடி வைததைக் கேட்டே அவருக்கு அந்த யோசனை பிறந்ததாம். வசவு வீண்போவதில்லை போலும்.

இவ்விரண்டையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது, இவற்றுக்கு முன்னதாக, 1921-இல் வந்த நீர்ப்புகா உப்புத்தாள். பிலடெல்பியாவில் மை தயாரித்துவந்த பிரான்சிஸ் ஓக்கி என்பவர், உப்புத்தாள் கம்பெனியான 3எம்முக்குக் கடிதம் எழுதி, அவர்கள் பயன்படுத்தும் தேய்ப்புப் பொடியின் மாதிரிகளை மட்டும் கேட்டார். மை வியாபாரிக்குத் தேய்ப்புப் பொடி எதற்கு என்று கம்பெனித் தலைவருக்குக் குறுகுறுப்பு. விசாரித்தால், தண்ணீரில் நனைந்தாலும் பிரியாத தாளை அவர் உண்டாக்கியிருந்தார். உரிமையை விலைக்கு வாங்கினார்கள். பழைய தாளும் பசையும் நனைந்தால் கூழாகிவிடும். ஆகவே உலரவைத்துத்தான் தேய்க்க முடியும். அப்படித் தேய்க்கையில் எழும் தூசியில் ஈயம் இருந்தது. தேய்ப்பவன் அதைச் சுவாசித்தான், அதே கையால் சாப்பிட்டான். ஈரத்தாள் வந்தபின் தூசி தண்ணீரோடு சேறாகக் கீழே வடிந்தது.

இங்கே, 1958 முதல் 2014 வரை உற்பத்தியான அம்பாசிடரை எடுத்துக்கொள்ளுங்கள். கனத்த தகடு, ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஒரு புதுப்பூச்சு. அதன் மட்கார்டைத் தேய்க்கத் தொடங்கினால் கிணறு வெட்டுவதுபோல் அடுக்கடுக்காக நிறம் மாறும்: வெள்ளை, அதன்கீழ் நீலம், சாம்பல் பிரைமர், துருவின் செம்மை. துருவை 80-ஆம் எண் தாள் எடுக்கும். பிறகு 180-ஐக் கொண்டு பழைய பூச்சின் விளிம்பைச் சரிவாக்கவேண்டும். படிபோல் விட்டால் எத்தனை பூசினாலும் அது தெரியும். பட்டி மெல்லியதாக, இரண்டு மூன்று தடவையாக. இந்தப் பட்டி நீரை உறிஞ்சி உள்ளே துருவை வளர்க்கும் என்பதால் இதை மட்டும் உலர்வாகத்தான் தேய்க்கவேண்டும்; அப்போது முகமூடி கட்டாயம். பிரைமர் காய்ந்தபின் 600-ஆம் எண் ஈரத்தாள். மேடுபள்ளத்தைக் கண் ஏமாற்றும். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவினால் தெரிந்துவிடும்.

காலமும் பார்க்கவேண்டும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் டூக்கோ அடித்தால், தின்னர் ஆவியாகும் குளிர்ச்சியில் காற்றின் ஈரம் படிந்து வண்ணம் வெளுத்துப் பூக்கும். ஆடியில் மலையடிவாரக் காற்று வாரிக்கொண்டு வரும் தூசி அத்தனையும் ஈர வண்ணத்தில் ஒட்டும். தையும் மாசியும் உத்தமம்.

அடுக்கின்மேல் அடுக்காகப் பூசுவதில் நமக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. சுதை வேலை உள்ள கோபுரங்களுக்குச் சம்ப்ரோட்சணத்தை ஒட்டி வண்ணம் தீட்டுவது தமிழகம் எங்கும் வழக்கம். பூச்சு தடிக்கத் தடிக்கச் சுதையின் கண்ணும் உதடும் மழுங்கும். கோயில்களின் உள்ளே கல் தூண்களில் ஏறியிருந்த பழைய பூச்சையும் எண்ணெய்ப் பிசுக்கையும் நீக்கவோ, மணலைக் காற்றழுத்தத்தால் பீய்ச்சும் முறையைப் பல இடங்களில் கையாண்டார்கள். 1870-இல் பெஞ்சமின் டில்மேன் காப்புரிமை பெற்ற முறை அது. துருவேறிய இரும்புக்கு நல்லது. கல்லிலோ பிசுக்கோடு சிற்பியின் உளித்தடமும் கல்வெட்டின் எழுத்தும் போயின. ஆய்வாளர்கள் குரல் எழுப்பிய பின் தமிழக அரசு கோயில்களில் அதற்குத் தடை விதித்தது.

காரின் அடுக்குகளுக்குள் இருக்கும் ஈயத்துக்கு வருவோம். வீட்டு உபயோக, அலங்கார வண்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாதென இந்திய அரசு 2016-இல் விதி வகுத்து, 2017 நவம்பர் முதல் நடைமுறைப்படுத்தியது. வாகன வண்ணங்கள் அந்த விதிக்குள் வரவில்லை. பழைய மஞ்சள், ஆரஞ்சுப் பூச்சுகளில் ஈயக் குரோமேட்டும், துருத் தடுப்பு அடிப்பூச்சில் ஈயச் செந்தூரமும் இருந்திருக்கக்கூடும். முப்பது ஆண்டு வண்டியைக் குழந்தைகள் விளையாடும் முற்றத்தில் உலர்வாகத் தேய்ப்பவர் 1920-க்கு முந்தைய பட்டறையைத் தம் வீட்டுக்குள் கொண்டுவருகிறார். இன்றைய இருகலவை வண்ணத்தின் கடினமாக்கியில் இருக்கும் ஐசோசயனேட் வேறு வகை. ஆஸ்துமாவை உண்டாக்கவல்லது, சாதாரணத் துணி முகமூடி அதற்குத் தடையே அல்ல. அதைத் தெளிப்பதைத் தக்க கவசம் உள்ள பட்டறைக்காரரிடம் விட்டுவிடலாம். வீட்டில் தேய்ப்பவர்கள் வாளியும் ஈரத்தாளும் வைத்துக்கொள்ளட்டும். வாளியின் அடியில் தங்கும் சேற்றைச் செடிக்கோ கிணற்றடிக்கோ ஊற்றாமல், காகிதத்தில் வடித்து உலரவிட்டுக் கட்டி அப்புறப்படுத்தவேண்டும். அன்று உடுத்திய வேட்டியையும் தனியாகத்தான் துவைக்கவேண்டும்.