மருத்துவச் சிறப்புத் துறைச் சங்கங்களும் புதுச்சேரியும்

இந்திய அறுவை மருத்துவர்கள் சங்கம் 1938ஆம் ஆண்டில் தோன்றியது. அதன் ஆண்டு மாநாடு டிசம்பரில் கூடுவது வழக்கம். அறுவை முறைகள் குறித்த உரைகளோடு பொதுக்குழுவும் அப்போது கூடும். சங்கத்தின் தலைமை மாறுவதும் இந்த ஆண்டிறுதியை ஒட்டித்தான். சிறப்புத் துறைகள் தனிச் சங்கங்களாகப் பிரிந்ததற்கும் இக்கூட்டங்களே களமாயின. எலும்பு, மூட்டு மருத்துவர்கள் முதலில் இச்சங்கத்தின் ஒரு பிரிவாகவே கூடிவந்தனர். 1955இல் இந்திய எலும்பியல் சங்கம் அமைந்தபோது பி. என். சின்கா முதல் தலைவரானார்.

புதுச்சேரியின் நிலை வேறு. பிரெஞ்சு அரசு 1823இலேயே இங்கு மருத்துவப் பள்ளி தொடங்கிவிட்டது. சென்னை மருத்துவப் பள்ளிக்கும் இது மூத்தது. ஆயினும் 1938இல் சென்னை பிரிட்டிஷார் கையில், புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையில். படிப்பும் பட்டமும் இருவேறு வழிகளில் சென்றன. 1954 நவம்பர் 1இல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. அதாவது எலும்பியல் சங்கம் பிறப்பதற்கு ஓராண்டு முன்புதான்! 1956இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரி ஏற்பட்டது. 1964இல் அது ஜிப்மர் எனும் பட்டமேற்படிப்பு நிறுவனமாயிற்று. அதன்பின் சிறப்பு மருத்துவர்கள் கோரிமேட்டிலேயே பயின்று இச்சங்கங்களில் சேரும் வழி பிறந்தது.