மேடையும் பெஞ்சும்

அடமானப் பத்திரங்களைப் படித்துப் படித்து, எந்த இடத்தைச் சொன்னாலும் நான்கெல்லை கேட்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. போடி மலைச்சரிவில் ஓர் ஏலத்தோட்டத்தின் பத்திரம் எல்லைகளைச் சொல்லும். அந்த மண்ணில் யார் என்ன பேசினார்கள் என்பதைச் சொல்லாது. நமது ஆலய சரித்திரங்களும் அப்படித்தான். அஸ்திவாரத் தேதி, துரையின் பெயர், தீர்ந்தது.

எங்கள் அடிவாரம் வரை வேலை செய்த அமெரிக்க மிஷன்காரர்கள் 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்தவர்கள். அந்தத் தடத்தில் பின்னோக்கிப் போனால், யாழ்ப்பாணத்தில் அவர்களுக்கு அண்டை அயலாராக வெஸ்லியன் மெதடிஸ்டுகள் இருக்கிறார்கள். 1814இல் லிஞ்சும் ஸ்குவான்ஸும் அங்கு போனார்கள். அழைத்து வந்த டாக்டர் கோக் நடுக்கடலிலேயே இறந்துபோனார். லிஞ்ச் 1817இல் சென்னைக்கு வந்தார். ராயப்பேட்டை ஆலயம் 1819இல் எழுந்தது. இவை பத்திர விஷயங்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது யாழ்ப்பாணத்து வெஸ்லியன் பள்ளி. அங்கே படித்து, அங்கேயே ஆசிரியராகி, பெர்சிவல் பாதிரியாரின் பைபிள் மொழிபெயர்ப்புக்குத் துணையிருந்தவர் ஆறுமுக நாவலர். மதம் மாறவில்லை. ஆனால் ஒன்றை எடுத்துக்கொண்டார்: பிரசங்கம் என்ற உருவத்தை.

அதற்கு முன் கோயிலில் இருந்தது புராணபடனம். ஒருவர் செய்யுளை வாசிப்பார், இன்னொருவர் பயன் சொல்வார். கேட்பவன் செய்யுளுக்கு வெளியே நிற்பவன்தான். பிரசங்கம் வேறு. ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, எதிரே உட்கார்ந்திருக்கிறவனின் நடத்தையை நோக்கி வசனத்தில் பேசுவது. 1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை மாலை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் நாவலர் அதைத் தொடங்கினார். நண்பர் கார்த்திகேய ஐயரும் அவரும் முறைவைத்துப் பேசினார்கள். கொல்லாமை, கள்ளுண்ணாமை, ஈகை என்று பொருள்கள். நாவலர் வசனத்தின் தெளிவைப் புகழ்கிறவர்கள் அதை இலக்கணப் பயிற்சியின் பலன் என்றே சொல்கிறார்கள். எதிரே ஆளை வைத்துக்கொண்டு பேசிய பழக்கத்துக்கும் அதில் பங்குண்டு என்பது என் கட்சி. பகைவனிடமிருந்து உருவத்தைக் கற்பது இழிவல்ல. புதுக்கவிதைக்காரர்களான நமக்கு இதைச் சொல்லவும் வேண்டுமா?

ஆனால் கணக்கில் இன்னொரு பற்று இருக்கிறது. அதே 1847இல் அந்தப் பள்ளியில் நளவர் குலத்துப் பையன் ஒருவனைச் சேர்த்தார்கள். மேல்சாதி மாணவர்கள் வெளியேறினார்கள். மறுவருஷம் நாவலர் வேலையை விட்டார். வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலை தொடங்கினார். மிஷன் பள்ளியின் வகுப்பு முறை, பாடப்புத்தகம், 1849இல் அச்சுயந்திரம் எல்லாம் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தன. மேடை வந்தது. அந்தப் பையன் உட்கார்ந்த பெஞ்சு மட்டும் வரவில்லை.

1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில், உள்ளே விடச் சொல்லி ஒடுக்கப்பட்ட சாதியினர் காத்துக்கிடந்தார்கள்.