யார் பெயரில் இந்த வேர்?

புளியறை சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கம், தமிழில் சிவன் அமல்பொடி. அந்தப் பக்கம், மலையாளத்தில் அமல்பொரி. 1956 வரை இரு பக்கமும் ஒரே அரசுதான். வடக்கே சர்ப்பகந்தா. அறிவியலிலோ ரவுவோல்ஃபியா: 16ஆம் நூற்றாண்டு ஜெர்மன் மருத்துவர் ரவுவோல்ஃபின் பெயர். மனுஷர் இந்தியாவுக்கே வந்ததில்லை!

நாட்டு வைத்தியர்கள் இந்த வேரைச் சித்தப்பிரமைக்குக் கொடுத்துவந்தார்கள். அது ரத்த அழுத்தத்தையும் குறைக்கும் என்று 1931இல் கல்கத்தாவின் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் எழுதினார்கள். வெளிநாட்டில் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் வக்கீல் பிரிட்டிஷ் இதழில் எழுதிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 1952இல் சுவிஸ் நிறுவனம் சீபா அதிலிருந்து ரெசர்பைனைப் பிரித்தது. மாத்திரை வந்தது, சிலருக்குக் கூடவே மனச்சோர்வும். வேர் வேணும்னா செடியையே பிடுங்கணும். காட்டில் அது அருகிப்போனது அப்படித்தான்.