நாலு பைட்டுக்கு ஒரு பஞ்சாயத்து

2003 ஏப்ரலில் ஏஎம்டி கம்பெனி ஆப்டெரான் சிப்பை இறக்கியபோது அதோட பெரிய கவர்ச்சியே, 64 பிட் சிப்பா இருந்தாலும் பழைய 32 பிட் புரோகிராமையும் அப்படியே ஓட்டும் என்பதுதான். சிப் ஓட்டிடும், சரி. கெர்னல்? 32 பிட் புரோகிராம் வந்து கேட்டால் அதோட பாஷையில் பதில் சொல்லணுமே! பாயின்டர் அங்கே 4 பைட், இங்கே 8. இந்த மொழிபெயர்ப்பு வேலைக்குன்னே லினக்ஸ் கெர்னலில் 'காம்பேட்'னு தனியா ஒரு அடுக்கு உண்டு.

பாயின்டர் அளவாவது எல்லாருக்கும் தெரிஞ்ச வித்தியாசம். சத்தமில்லாம கழுத்தறுப்பது அலைன்மென்ட்தான். 64 பிட் எண் ரெண்டு மோடிலும் 8 பைட்தான். ஆனா ஒரு ஸ்ட்ரக்சருக்குள்ளே 32 பிட் மோடில் 4-ன் மடங்கில் உக்காந்தா போதும், 64 பிட் மோடில் 8-ன் மடங்கு வேணும்.

ஆட்டோஎஃப்எஸ் மாட்டிக்கிட்டது இங்கேதான். யாராவது ஒரு டைரக்டரியைத் தொட்டதும் 'இதை மவுன்ட் பண்ணு'ன்னு கெர்னல் ஒரு பைப் வழியா பாக்கெட் அனுப்பும். அது 32 பிட்டில் 300 பைட். 300 எட்டால் வகுபடாதே? அதனால 64 பிட்டில் கடைசியில் நாலு பைட் சும்மா சேர்ந்து 304.

64 பிட் கெர்னல் மேல ஓடின 32 பிட் சிஸ்டம்டி சரியா 300 எதிர்பார்த்தது, 304 வந்ததும் முறுக்கிக்கிச்சு. 2012 தொடக்கத்தில் கெர்னலைத் திருத்தி 32 பிட்காரங்களுக்கு 300 அனுப்பினாங்க. நியாயமான திருத்தம். ஆனா உடனே ஆட்டோமவுன்ட் படுத்துடுச்சு! அது இந்தக் கோளாறை ஏற்கனவே கண்டுபிடிச்சு, 304-தான் வரும்னு தன் பக்கமே சரிக்கட்டி வச்சிருந்தது. (இதை ஆட்டோமவுன்ட் தப்புன்னு சொல்ல எனக்கு மனசு வரல. கெர்னல் தப்பா அனுப்பிட்டிருந்தப்ப அதுக்கும் வேலை நடக்கணுமில்ல?)

ஓடிக்கிட்டிருக்கிற புரோகிராமை உடைக்கக்கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். அதனால சரியான திருத்தத்தையே வாபஸ் வாங்கினாங்க. சிஸ்டம்டி மறுபடியும் அவுட். ஒரு கட்டத்தில், கேட்கிற புரோகிராமோட பேர் 'ஆட்டோமவுன்ட்'டான்னு ஒப்பிட்டுப் பார்க்கிற பேட்சைச் சேர்க்கலாமான்னு லினஸ் டோர்வால்ட்ஸே யோசிச்சிருக்கார். கெர்னலுக்குள்ளே பேர் கேட்டு பந்தி பரிமாறுறது :-)

கடைசியில் அவர் கைவச்சது பாக்கெட்டில் இல்லை, பைப்பில். எழுதுறது தனித்தனி பாக்கெட்டாவே போகும்; படிக்கிறவர் குறைச்சலா எடுத்தா மிச்சம் குப்பைக்குப் போயிடும். கெர்னல் எப்பவும் 304 எழுதும். 300 கேட்டவருக்கு 300, 304 கேட்டவருக்கு 304. பைப் மேனுவல் பக்கத்தில் ஓ-டைரக்ட் கொடிக்குப் பக்கத்தில் 'லினக்ஸ் 3.4 முதல்'னு போட்டிருக்கிறது இதுதான்.